அரை கிராம் போதும், பில் மட்டும் உங்க பேர்ல இருக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் தையல் கூட உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை முடிச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு, பத்து மணிக்குத் தையல் கூடத்துக்கு வர்றவ. மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பா எதுவும் வந்தா பொறுத்துக்கோங்க.

சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. இங்க முன்வரிசையில் இருக்கிற அக்காக்களுக்கு நான் சேமிப்பைச் சொல்லித் தர்றது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் ஆரம்பிச்ச நாளிலிருந்து நம்ம பெண்கள் சேமிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அதனால் நான் பேசப் போறது பின்வரிசையில் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எங்க தையல் கூடத்துப் பிள்ளைகளுக்கு. பாப்பா, கொஞ்சம் போனை உள்ள வைங்க.

இந்தப் பிள்ளைகளுக்கு 19, 20, 22 வயசு. பீஸ் கணக்கில் தைக்கிறாங்க. நல்ல மாசம் எட்டாயிரம் வரும், வேலை குறைஞ்ச மாசம் ஐயாயிரம் வரும். சம்பளம் வந்த அன்னிக்குச் சாயங்காலம் அது எங்க போகுதுன்னு நான் பார்த்திருக்கேன். போன் தவணை, ரீசார்ஜ், அண்ணன் வண்டிக்குப் பெட்ரோல், அப்பா கேட்டாருன்னு ஒரு ஆயிரம், ஃபேன்சி ஸ்டோரில் கவரிங் செட். கவரிங் ஆறு மாசத்தில் கறுத்துப் போகும். வீட்டுக்குக் கொடுக்கிறதை நான் தப்புன்னு சொல்லலை. நாங்களும் கொடுத்தவங்கதான். ஆனா மூணு வருஷம் உழைச்ச பிறகு, "இது என்னோடது"ன்னு கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்கான்னு கேட்டா, பதில் இல்லை.

எங்க செட்டுப் பெண்களில் பல பேர் மில்லுக்குப் போனவங்க. அப்ப ‘சுமங்கலித் திட்டம்’னு ஒண்ணு சொல்லுவாங்க. மூணு வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தா, கடைசியில் மொத்தமா ஒரு தொகை, அதில் நகை வாங்கிக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேச்சு. உடம்பு முடியாம நடுவில் வந்த பெண்களுக்கு அந்தத் தொகை முழுசா கைக்கு வராது. நம்ம பணம் அடுத்தவங்க கையில் இருந்தா அப்படித்தான். மாசா மாசம் நம்ம கைக்கு வர்ற கூலியில் நாமே கொஞ்சம் கொஞ்சமா பொருளா மாத்தி வச்சுக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

சரி, தங்கம் விக்கிற விலையில் நாம எங்க வாங்குறதுன்னு கேப்பீங்க. நியாயம்தான். 2022 தொடக்கத்தில் ஒரு கிராம் 4,500 ரூபாய் பக்கம் இருந்தது. 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு. பவுன்னா எட்டு கிராம். 90 ஆயிரம்னு வச்சாலே ஒரு கிராம் 11,250, அரை கிராம் 5,625. அதுக்கு மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டா கிட்டத்தட்ட 5,800 ரூபாய். இப்ப கணக்குப் பாருங்க. ஒரு நாளைக்கு 40 ரூபாய், மாசத்துக்கு 25 நாள் வேலை, ஆயிரம் ரூபாய். அந்த விலைக்கு ஆறு மாசத்தில் அரை கிராம் தங்கக் காசு. விலை ஏறினா இன்னும் கொஞ்ச மாசம் சேர்த்து வாங்கிட்டுப் போறோம். அரை கிராம் வாங்க வெக்கப்பட வேண்டாம். கடைக்காரர் அதுக்கும் பில் போட்டுத்தான் தருவார்.

மோதிரம், கம்மல்னு வாங்காம காசா வாங்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நகைன்னா செய்கூலி, சேதாரம். கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். நூத்துக்குப் பதினஞ்சு போடுற டிசைனில் நாலு கிராம் மோதிரம் வாங்கினா, 600 மில்லிகிராம் தங்கத்துக்கான காசு சேதாரமாப் போயிடும். அரை கிராமுக்கு மேல! விக்கும்போது அது திரும்பி வராது. கல் வச்ச நகைன்னா கல்லையும் கழிப்பாங்க. காசுக்கு இந்தச் செலவு ரொம்பக் குறைவு. போட்டுக்க ஆசைப்பட்டு ஒரு கம்மல் வாங்குறதை நான் தடுக்கலை, காதும் கழுத்தும் இருக்கிற வரைக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா அதைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீங்க.

காசுக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிடுறேன். கடையில் வாங்கின காசை வச்சு வங்கியில் நகைக்கடன் கேட்டா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, நகையைத்தான் எடுப்பாங்க. வங்கியில் விக்கிற காசை வங்கியே திரும்ப வாங்கவும் வாங்காது, சார் கோவிச்சுக்கக் கூடாது. எங்க பிள்ளைகள்கிட்ட இதைச் சொன்னப்ப ஒருத்தி சட்டுன்னு சொன்னா: "அப்ப ரொம்ப நல்லது அக்கா, எங்க அண்ணன் கொண்டுபோய் வைக்க முடியாதுல்ல." சிரிச்சோம். ஆனா அவ சொன்னதில் விஷயம் இருக்கு. எத்தனை வீட்டில் பொண்ணு போட்டுட்டு வந்த செயின் அவளுக்குத் தெரியாமலே அடகுக் கடைக்குப் போயிருக்கு! ரெண்டு வட்டின்னு சாதாரணமா சொல்றோம். நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 ரூபாய். ரெண்டு வருஷம் கட்டாம விட்டா முதலில் பாதி அளவு வட்டியே நிக்கும், அப்புறம் ஏலம். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருபது பவுன் போட்டாங்க. இன்னிக்கு அவங்க கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருக்கு.

அதனால் பில்லைப் பற்றி நான் பிடிவாதமா பேசுவேன். அப்பா கூட வந்தாலும், அண்ணன் கூட வந்தாலும், பில் உங்க பேரில் போடச் சொல்லுங்க. நகையா வாங்கினா 916 முத்திரையும், ஆறு எழுத்து இலக்கம் கொண்ட ஹெச்.யூ.ஐ.டி. எண்ணும் இருக்கணும். 2023 ஏப்ரல் 1-லிருந்து இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விக்கக் கூடாது. போனில் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டா விவரம் வந்துடும். போன் அதுக்கும் உதவும் பாப்பா. ஆனா ரெண்டு கிராமுக்குக் குறைஞ்ச சாமானுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. நாம வாங்குறது எல்லாமே சின்ன அளவு. அதனால் எடை, தரம், அன்றைய விலை மூணும் எழுதின பில்லு இல்லாம கடையை விட்டு இறங்கக் கூடாது. காசை அட்டையில் ஒட்டித் தருவாங்க, அதைப் பிரிச்சுப் பார்க்காதீங்க. விக்க வேண்டி வந்தா அதே கடைக்கு, அட்டையோட, பில்லோட போங்க.

நகைச் சீட்டு நல்லதான்னு கேக்குறாங்க. 11 மாசம் கட்டினா சேதாரத்தில் தள்ளுபடி தர்றாங்க, உண்மைதான். ஆனா அது கடைக்கு நாம கொடுத்து வைக்கிற முன்பணம். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கு, இதுக்கு அது கிடையாது. டவுனில் ஒரு கடை ராத்திரியோட ராத்திரியா ஷட்டரை இறக்கினப்ப எங்க தெருவில் நாலு வீடு அழுதது. நான் சொல்றது, மாசம் ஆயிரத்தை உங்க பேங்க் கணக்கிலேயே விட்டு வைங்க. காசு வாங்குற அளவு சேர்ந்ததும் எடுத்துட்டுப் போவோம். அட்சய திருதியை, ஆடிப்பெருக்குன்னு காத்திருந்து கூட்டத்தில் இடிபட வேண்டாம். அன்னிக்குத் தங்கம் என்ன சும்மாவா கொடுக்குறாங்க?

வெள்ளியைப் பற்றியும் கேட்டாங்க. ஆரம்பத்தில் பழக்கம் வர்றதுக்குப் பத்து கிராம் வெள்ளிக் காசு நல்லதுதான். கொலுசு சேமிப்பு இல்லை. தேயும், பத்த வச்ச இடத்துக்குக் கழிப்பாங்க.

போன மாசக் கூட்டத்தில் ஒரு பெரியக்கா என்னைக் கேட்டாங்க, "பொண்ணுங்களைத் தங்கம் சேக்கச் சொல்றியே, வரதட்சணைக்கு நீயே வழி காட்டுறியா?"ன்னு. நல்ல கேள்வி. இதுக்குத்தான் நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். நம்ம சட்ட முகாமில் ஒரு வக்கீல் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பொண்ணோட நகை, அவ சொத்து அவளுக்கே உரியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு, சீதனம் புருஷனுக்கும் மனைவிக்கும் பொதுச் சொத்து இல்லை, கஷ்டத்துக்கு அவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கணும்னு. சட்டம் அப்படி இருக்கு. ஆனா பில்லும் இல்லாம, எத்தனை பவுன்னு அவளுக்கே தெரியாம, தட்டில் வச்சுக் கொடுத்த நகையை அவ எதை வச்சுக் கேப்பா? நான் சேக்கச் சொல்றது தட்டில் வைக்கிற தங்கம் இல்லைக்கா. எத்தனை பவுன் போடுவீங்கன்னு கேக்குற வீட்டுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவே கூடாது. அது அவளோட கைமுதல்.

எங்க கூடத்திலேயே ஒரு பிள்ளை இருக்கா. பேர் சொன்னா எழுந்து ஓடிடுவா. 2022-ல் ஆரம்பிச்சா, மாசம் 1,500 ரூபாய், பணம் சேரச் சேர ஒரு ஒரு கிராம் காசு. 2024 முடியிறப்ப எட்டுக் காசு, ஒரு பவுன். போன வருஷம் வீட்டில் அண்ணன் பைக்குக்கு முன்பணம் கட்டக் கேட்டாங்க. இவ ரெண்டு நாள் பேசாம இருந்தா. மூணாவது நாள் என்னைக் கூட்டிட்டு டவுனுக்குப் போய் மூணு காசை வித்து ஓவர்லாக் மெஷின் எடுத்துட்டு வந்துட்டா. வீட்டில் ஒரு வாரம் சண்டை. அவங்க அம்மா எங்கிட்ட வந்து, "நீதான் கெடுத்தே"ன்னு சொன்னாங்க. நான் பதில் பேசலை. இப்ப அந்த மெஷின் அவங்க திண்ணையில் ஓடுது, ராத்திரி அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டுறாங்க. மீதி அஞ்சு காசு எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது, அவ சொல்லவும் மாட்டா.

ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். குழு சேமிப்பை, கடன் தவணையை நிறுத்திட்டுத் தங்கம் வாங்கக் கூடாது. உள்கடன் எடுத்துத் தங்கம் வாங்குறது அதை விட மோசம். அப்புறம், விலை ஏறிக்கிட்டே இருக்கும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. 2012 கடைசியில் வாங்கினவங்க 2015-ல் வித்திருந்தா நஷ்டம்தான் பட்டிருப்பாங்க. அவசரத்துக்கு வேணுங்கிற பணம் பேங்கில் இருக்கட்டும். அஞ்சு வருஷம் தொட வேண்டாத பணம்தான் காசா மாறணும். வருமான வரிக்காரங்க சோதனைக்கு வந்தாக் கூடக் கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட 250 கிராம் வரை நகை இருந்தா எடுக்க மாட்டாங்களாம். நாம அரை கிராமில் இருக்கோம், அந்தப் பயம் இப்போதைக்கு வேண்டாம்.

தையல் கூடத்தில் இப்ப ஏழு பிள்ளைகள் நோட்டுப் போட்டு எழுதுறாங்க. அடுத்த சம்பளத்துக்கு மறு வாரம் புதன்கிழமை, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு டவுன் பஸ்ஸில் நானும் ரெண்டு பேரும் போறோம். வர்றவங்க ஆதார் அட்டையும் கொண்டு வாங்க, பில்லில் பேர் சரியா விழணும்.