தாமதமாக வந்த சிரிப்பு: மேடை, குறும்படம், சிறுவர் நிகழ்ச்சி



நாடகம் எழுதுபவனை மேடையில் நிறுத்திப் பேசச் சொல்வது சற்றே விந்தையானது. நான் எழுதிய சொற்களையெல்லாம் இதுவரை பிறரே பேசியிருக்கின்றனர். இன்று நானே எழுதி நானே பேசுகிறேன். பிழை நேர்ந்தால் நடிகர்மேல் பழி சுமத்த வழியில்லை.

நகைச்சுவை நாடகம், குறும்படம், சிறுவர் நிகழ்ச்சி என மூன்று துறைகளில் எழுதி வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பாடம் புகட்டியது. அவற்றுள் மூன்றாவதைச் சிறுமி ஒருத்தியிடம் கற்றேன். அவளைப் பற்றிச் சொல்லவே இன்று வந்துள்ளேன்.

முதலில் மேடை. என் இளமையில் எங்கள் வீட்டில் கிரேஸி மோகனின் நாடக ஒலிநாடாக்கள் ஓயாமல் ஒலிக்கும். அவர் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். 1979இல் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ குழுவைத் தொடங்கினார். நாடகத்திற்கு நாடகம் கதை மாறினும் மாது, ஜானகி என்னும் பெயர்கள் மாறுவதில்லை. ஒருவர் ஒரு பொருளில் சொல்ல, மற்றவர் வேறு பொருளில் கேட்க, அந்தச் சிறு பிசகின்மேல் அடுத்த பிசகு ஏறி, இறுதியில் வீடே தலைகீழாகிவிடும். பொறியாளர் பற்சக்கரங்களைப் பொருத்துவதுபோல் அவர் சொற்களைப் பொருத்தினார்.

நம் மண்ணிலும் அத்தகைய முன்னோடி உண்டு. புதுமைதாசன் என்னும் புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், 1960களின் இறுதியில் சிங்கப்பூர் வானொலிக்காக ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ தொடரை எழுதினார். கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்கு மக்கள் குடிபெயர்ந்த காலம் அது. அந்தப் புதிய வாழ்க்கையை நம் தமிழர் தமிழிலேயே சிரித்துக் கடக்க அத்தொடர் துணைநின்றது. 2008இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பெற்றது. நகைச்சுவைக்கான பொருளை வெளியூரில் தேட வேண்டியதில்லை, நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்பதை அவரிடம் கற்றேன்.

அடுத்துக் குறும்படம். மேடையில் வசனத்தால் கைதட்டல் பெற்றுப் பழகியவன் நான். தந்தையும் மகனும் பேசாமல் பிணங்கியிருக்கும் ஒரு கதைக்கு ஆறு பக்கம் வசனம் எழுதிப் பெருமையோடு இயக்குநரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “வசனத்தை எல்லாம் எடுத்துடுங்கண்ணே. மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்போம்” என்றார். மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு காட்சி எழுதினேன். புழுக்கமான இரவு, மகன் கூடத்தில் உறங்குகிறான், தந்தை தம் பக்கம் சுழன்ற மேசை விசிறியை ஓசையின்றி மகன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் செல்கிறார். ஆறு பக்கங்களும் அந்த ஒரு செயலில் அடங்கிவிட்டன.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1895இலேயே லூமியேர் சகோதரர் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நகைச்சுவைப் படம் ஒன்றைத் திரையிட்டனர். தோட்டக்காரர் குழாயால் நீர் பாய்ச்சுகிறார். ஒரு சிறுவன் குழாயை மிதிக்கிறான். நீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்று நோக்குகிறார். சிறுவன் காலை எடுக்கிறான். அடுத்து நிகழ்வதை நான் சொல்லாமலே நீங்கள் சிரிக்கிறீர்கள். குறும்படம் எழுத விழையும் மாணவர் இந்த வரிசையை மனத்தில் கொண்டால் போதும்: ஒரு செயல், ஒரு தடை, ஒரு திருப்பம்.

இனி அந்தச் சிறுமிக்கு வருகிறேன். தொடக்கப்பள்ளி மாணவர்க்கான மேடை நிகழ்ச்சி ஒன்றில் நான் எழுதிய உரையாடல் இது. தந்தை, “மேலே படிடா” என்கிறார். மகன் அண்ணாந்து பார்த்து, “மேலே ஏதுப்பா படி? நம்ம புளோக்குல லிஃப்ட்தானே இருக்கு?” என்கிறான். பெரியவர்கள் சிரித்தனர். பிள்ளைகளில் பெரும்பாலோர் சிரிக்கவில்லை. இக்காலப் பிள்ளைகளுக்குத் தமிழே வரவில்லை என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டேன். அப்போது முன்வரிசையில் ஒரு பாட்டி பேத்தியின் காதில் ஏதோ சொன்னார். விரல்களால் மாடிப்படி ஏறுவதுபோல் காட்டினார். நாடகம் அடுத்த காட்சிக்குச் சென்றுவிட்ட பின், அமைதியான அரங்கில் அந்தச் சிறுமி மட்டும் தனியே வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைத் தலைகுனிய வைத்தது. நகைச்சுவையை உணரும் ஆற்றல் அவளுக்குக் குறைவில்லை. ‘படி’ என்னும் சொல்லின் இரண்டு பொருளுள் ஒன்றுதான் அவளிடம் இல்லை. அதைத் தர எனக்கு வாய்ப்பிருந்தும் நான் தரவில்லை, பாட்டி தந்தார்.

அமெரிக்காவில் 1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியைப் படைத்தவர்கள் இத்தகைய தவற்றை ஒளிபரப்புக்கு முன்பே கண்டறிய முயன்றனர். ஒருபுறம் தொலைக்காட்சி, மறுபுறம் சில விநாடிக்கு ஒருமுறை மாறும் படங்கள் என வைத்து, குழந்தையின் கண் எந்தக் காட்சியில் விலகுகிறது எனக் குறித்தனர். மனிதர் மட்டும் பேசும் தெருக்காட்சிகளில் கண் விலகியது. பொம்மைகளையும் மனிதரையும் கலக்கலாகாது என வல்லுநர் கூறியிருந்தும், அந்தக் குழந்தைகளின் கண்ணையே நம்பிக் காட்சிகளைத் திருத்தினர். பிக் பேர்ட் என்னும் பெரிய பறவை அவ்வாறே அத்தெருவுக்கு வந்தது.

நானும் என் பிரதியைத் திருத்தினேன். முதற்காட்சியில் மின்தூக்கி பழுதாகிறது. குடும்பமே ‘ஒரு படி, இரண்டு படி’ என்று எண்ணிக்கொண்டு மூச்சுவாங்க ஏறுகிறது. பின்னர்த் தந்தை “மேலே படிடா” என்றபோது மகன் அலறினான்: “ஐயோ, இன்னுமா படி?” பாட்டிமார் விளக்கத் தேவையின்றி அரங்கு முழுவதும் சிரித்தது. நகைச்சுவை எளிதாயிற்று என்பதைவிட, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதைப் பிள்ளைகள் பெற்றுச் சென்றனர் என்பதே எனக்கு நிறைவளித்தது.

சிங்கப்பூரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். இந்நிலையில், வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கும் இடம் வேண்டும் என 2005இலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்ததன் அருமை விளங்கும். இவ்வுரையை நான் எழுத்துத்தமிழில் நிகழ்த்துகிறேன். என் பாத்திரங்களோ அவ்வாறு பேசுவதில்லை. இரண்டும் நம் மொழியே. தேர்வுக்கு மட்டும் பயிலும் மொழியில் எவரும் தம்மை மறந்து சிரிப்பதில்லை. வீட்டிலும் விளையாட்டிலும் புழங்கும் மொழியிலேயே அந்தச் சிரிப்பு பிறக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவரை இரண்டு நிமிட நகைச்சுவைக் காட்சி ஒன்றை எழுதச் செய்யுங்கள். அதை அவர்களைவிட இளைய வகுப்பாரிடம் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே சிரிப்பு எழவில்லையோ அங்கே கோடிட்டு, “எந்தச் சொல்லை நாம் முன்னரே கொடுக்கத் தவறினோம்?” என்று கேட்கச் செய்யுங்கள். மதிப்பெண் அதற்குப் பின்னர் வரட்டும்.

மாணவச் செல்வங்களே, ஒரு தமிழ் நகைச்சுவை உங்களுக்குப் புரியாவிடில் வெட்கப்படாதீர்கள். அருகில் இருப்பவரிடம் கேளுங்கள். உங்கள் சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தாலும், எழுதியவன் அதற்காகக் காத்திருப்பான்.