ஓர் எண், ஓர் இடம்



நம் தோட்டங்களில் பிறந்து, படித்து, இன்று கணினி அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் பிள்ளையிடம் காரணம் கேட்டால், "வெர்ஷன் ஒத்துவரவில்லை அம்மா" என்று சொல்லக்கூடும். வெர்ஷன் என்றால் என்ன? அது ஒத்துவராவிட்டால் என்ன கெட்டுவிடும்? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

கணினிக்கும் கைப்பேசிக்கும் வேலை சொல்லித்தரும் கட்டளைத் தொகுப்பையே மென்பொருள் என்கிறோம். பெரிய மென்பொருளை ஒரே துண்டாக எழுதுவதில்லை. வங்கிக்கு உரியதை எடுத்துக்கொண்டால், கணக்குப் பார்க்க ஒரு பகுதி, பணம் அனுப்ப ஒரு பகுதி, ரசீது தர ஒரு பகுதி என்று தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றுசேர்ப்பார்கள். ஒவ்வொரு முறை திருத்தி வெளியிடும்போதும் ஒரு பதிப்பு எண் கொடுப்பார்கள். வெர்ஷன் என்பது இதுதான்.

இந்த எண்ணைப் பலரும் 2.4.1 என்பதுபோல மூன்று பங்காக எழுதுகிறார்கள். பிழையை மட்டும் திருத்தினால் கடைசி எண் கூடும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண் கூடும். பழைய பழக்கத்தில் பயன்படுத்தினால் இனி ஒத்துவராது என்ற அளவுக்கு மாற்றினால் முதல் எண் கூடும். எண்ணைப் பார்த்தாலே எச்சரிக்கை கிடைத்துவிடும் அல்லவா?

சிக்கல் எங்கே வருகிறது? ஒரு தோட்டத்தில் ஐந்து டிவிஷன்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாலுக்கு இத்தனை காசு என்பதை ஐந்து மண்டோர்களும் தத்தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். விகிதம் மாறுகிறது. நான்கு பேர் அடித்துத் திருத்துகிறார்கள். ஒருவர் மறந்துவிடுகிறார். சம்பள நாளன்று சண்டை வராமல் இருக்குமா? அதற்குப் பதிலாக, ஆபீஸ் பலகையில் ஓரிடத்தில் மட்டும் விகிதத்தை எழுதி, "பலகையில் உள்ளபடி" என்று மண்டோர் புத்தகத்தில் குறித்திருந்தால், பெரிய கிராணி ஒருமுறை திருத்தினாலே போதும்.

மென்பொருளிலும் வழி இதுதான். ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுவோர் பலர், பகுதிகளை ஒன்றுசேர்க்க மேவன் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பகுதிக்கொரு விவரக் கோப்பும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாய்க் கோப்பும் உண்டு. முன்பெல்லாம் தாயின் பதிப்பு எண்ணைப் பிள்ளைக் கோப்புகள் ஒவ்வொன்றிலும் எழுத வேண்டியிருந்தது. 2017இல் வந்த மேவன் 3.5.0 முதல், எண்ணைத் தாய்க் கோப்பில் மட்டும் எழுதிவிட்டு, பிள்ளைக் கோப்புகளில் 'ரிவிஷன்' என்ற பெயரைக் குறித்தால் போதும் என்றாயிற்று.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறவர் கையில் "பலகையில் உள்ளபடி" என்ற சீட்டைக் கொடுத்தால் என்ன பயன்? அங்கே நம் பலகை இல்லையே! அதுபோல, ஒரு பகுதியை வெளியாருக்கு அனுப்பும்போது, பெயர் இருந்த இடத்தில் உண்மையான எண்ணை நிரப்பியே அனுப்ப வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. வெளியிட்ட எண்ணை வேறு சரக்குக்கு மறுபடி சூட்டக் கூடாது. ஒரு சொல் திருந்தினாலும் புது எண் கொடுக்க வேண்டும். ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள் இருந்தால் எந்தக் கணினியாலும் பிரித்தறிய முடியாது.

இதெல்லாம் சிறு விஷயம் என்று எண்ணிவிடலாமா? அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் புதிய மென்பொருளை எட்டுக் கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள். ஒன்று விடுபட்டது. அதில் பழையதே இருந்தது. போதாக்குறைக்கு, பழைய வேலைக்கு வைத்திருந்த ஓர் அடையாளக் குறியைப் புதிய வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் சந்தை திறந்ததும், அந்த ஒரு கணினி அக்குறியைப் பழைய பொருளிலேயே எடுத்துக்கொண்டு, வேண்டாத பங்குகளை ஓயாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். நிறுவனம் தன் காலில் நிற்க முடியாமல் பிறர் உதவியை நாடியது. அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

எட்டில் ஒன்று பழையதாக இருந்ததன் விலை அது. அந்த எட்டையும் ஒருவர் சரிபார்த்திருந்தால் போதும், சில நிமிட வேலை.

ஆகவே, கணினி கற்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இது: எண்ணை ஓரிடத்தில் எழுதுங்கள். எல்லாப் பகுதிகளையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். மாற்றம் கடைசிக் கணினி வரை போய்ச் சேர்ந்ததா என்று எண்ணிப் பாருங்கள். பெரட்டில் ஆள் எண்ணிவிட்டு வேலையைத் தொடங்கிய நம் பெரியவர்களுக்கு இது புதிய பாடமன்று.