சாவடியில் கொடுத்த இரண்டு தெனாரியம்

பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: லூக்கா 10:25-37



நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் அந்தச் சாலையோரத்திலேயே நின்றுவிடுகிறது. குருவும் லேவியரும் விலகிப் போனார்கள். சமாரியர் நின்றார், காயங்களைக் கட்டினார். அதோடு கதை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் இந்த உவமையை வரையச் சொன்னால் பிள்ளைகளும் அந்தக் காட்சியைத்தான் வரைகிறார்கள். படத்தில் கழுதை கட்டாயம் இருக்கும். சாவடி இருக்காது.

லூக்கா அங்கே நிறுத்தவில்லை. மறுநாள் சமாரியர் இரண்டு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். அன்று ஒரு தெனாரியம் என்பது கூலியாள் ஒருவரின் ஒருநாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார். எவ்வளவு வரை என்று சொல்லவில்லை. எத்தனை நாளில் குணமாக வேண்டும் என்றும் கணக்கு வைக்கவில்லை.

உடலில் பட்ட காயம் கண்ணுக்குத் தெரிகிறது. சிறுவயதில் அடிபட்ட மனம் அப்படியல்ல. எட்டு வயதில் நேர்ந்த கொடுமை பதினெட்டு வயதில் தூக்கமின்மையாக, அடங்காத கோபமாக, குடிப்பழக்கமாக வெளிவரலாம். அதை ஆற்ற, பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பிள்ளையோடு வாரந்தோறும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பேச வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். 'செபம் போதாதா ஃபாதர்?' என்று கேட்பவர்கள் உண்டு. சமாரியர் செபித்தாரா என்று லூக்கா எழுதவில்லை. பணம் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்.

இந்தப் பணத்தைப் பற்றிய வேதனையான பாடம் ஒன்று நம் திரு அவையின் வரலாற்றிலேயே இருக்கிறது. கனடா நாட்டில் நூறாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். பலர் பெற்றோரிடமிருந்து பிரித்தே கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்கே அடி வாங்கினார்கள். பலர் பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள். அரசு நிதி கொடுத்த அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை கத்தோலிக்க அமைப்புகள். நாம் அதை மறைக்கக் கூடாது.

1998இல் கனடா அரசு 35 கோடி டாலர் கொடுக்க, நலமாக்கலுக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் காயத்தைச் சுமந்த வீடுகளில் பிறந்து வளர்ந்த இளையோருக்கும் அதன் உதவி கிடைத்தது. ஊர்ப் பெரியவர்களைச் சுற்றி அமர்ந்து பேசும் கூட்டங்கள், காட்டில் முகாம்கள், ஆலோசனை என்று பல பணிகள் ஊர் ஊராக நடந்தன. 2010இல் அரசு புதிய நிதி ஒதுக்கவில்லை. 2014இல் அறக்கட்டளை மூடப்பட்டது. காயம் ஆறிவிட்டதென்று யாரும் சொல்லவில்லை. ஒதுக்கிய காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

நம் பங்கு என்ன? 2006ஆம் ஆண்டு உடன்பாட்டில், மற்றப் பொறுப்புகளோடு, 2.5 கோடி டாலர் திரட்ட முழு முயற்சி எடுப்பதாகக் கத்தோலிக்க அமைப்புகள் வாக்களித்தன. திரண்டது 40 இலட்சத்துக்கும் குறைவு. 2015இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அந்தக் கடமையிலிருந்து அவற்றை விடுவித்தது. சட்டப்படி சரிதான். ஆனால் சாவடிப் பொறுப்பாளர் இன்னும் வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாரே! 2021இல் அந்நாட்டு ஆயர்கள் மன்னிப்புக் கேட்டு, 3 கோடி டாலர் தருவதாக மீண்டும் வாக்களித்தார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் நடக்கச் சிரமப்பட்ட நிலையிலும் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்பதோடு எதுவும் முடிவதில்லை, அது முதல் படிதான் என்றும் சொன்னார்.

கனடாக்காரர்களைக் குறை சொல்வது நமக்கு எளிது. எங்கள் பங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வெளியிலிருந்து வந்த மூன்றாண்டு நிதியுதவியில், எங்கள் மாணவர் விடுதிக்கு உளவள ஆலோசகர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வீட்டில் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்துவிட்டு வந்த ஒரு சிறுவன், முதல் ஆண்டு முழுவதும் அவர் முன் உட்கார்ந்து படம் மட்டுமே வரைந்தான். இரண்டாம் ஆண்டில் பேசத் தொடங்கினான். மூன்றாம் ஆண்டு மார்ச் மாதத்தோடு நிதி முடிந்தது. நாங்கள் படங்களோடு அறிக்கை அனுப்பினோம்; நன்றிக் கடிதமும் வந்தது. ஏப்ரலில் அந்தப் பிள்ளை கேட்டான்: 'அக்கா ஏன் ஃபாதர் வரல?'

அந்த ஆண்டு பங்குத் திருவிழாவில் தேர் அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நாங்கள் செலவழித்தது, அந்த ஆலோசகரின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். பங்குப் பேரவையில் யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. தலைமையில் அமர்ந்திருந்த நாங்களும் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு பார்த்தோம். வாணவேடிக்கை கிடையாது என்று பேரவை முடிவெடுத்திருக்கிறது, சிலருக்கு வருத்தம்தான். ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் ஆலோசகர் விடுதிக்கு வருகிறார். எவ்வளவு காலத்துக்கு என்று பொருளாளர் கேட்டார். தீர்மானப் புத்தகத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்தச் சிறுவன் இப்போது வேறு ஊரில் பாலிடெக்னிக் படிக்கிறான். அக்கா வருகிறார் என்று அவனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.