மடியும் பையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"வேட்டியில் பை இல்லையே, மின்சார ரயிலுக்கு எப்படி உடுத்துவது?" என்று நம் இளைஞர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. விடை காண ஸ்காட்லாந்து வரை செல்வோம்.

அங்குள்ள மலைநாட்டு ஆடவர் இடையில் சுற்றும் 'கில்ட்' என்னும் கம்பளி உடைக்கும் பை கிடையாது. எனவே 'ஸ்பாரன்' என்னும் தோற்பையை வாரும் சங்கிலியும் கொண்டு முன்புறம் தொங்கவிடுவர். இடைவாரின் பூட்டுக்கு நான்கு விரற்கடை கீழே அது நிற்கும். பாரம் இடுப்பெலும்பில் தங்கும். ஆடும்போது பக்கவாட்டில் தள்ளிக்கொள்வர். 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் படைவீரரல்லாத ஆடவர்க்கு அவ்வுடையைத் தடுத்தது. 1782இல் தடை நீங்கியது. உடை வாழ்ந்தது, பையும் வாழ்ந்தது.

நமக்கும் பை புதிதன்று. பாட்டியின் இடுப்பில் சுருக்குப்பை, தாத்தாவுக்கு மடி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம் பழமொழியன்றோ! பின்னர் வந்தது பை வைத்த அகன்ற தோல்வார். அதை வயிற்றில் இறுக்காது இடுப்பெலும்பின்மேல் கட்டுக. நெரிசலில் பை முன்புறம் கைக்காவலில் இருக்கட்டும். அமரும்போது பக்கமாக நகர்த்துக. உண்டபின் ஒரு துளை தளர்த்துக. வேட்டியும் நழுவாது, பணமும் தவறாது.

அவ்வாரைத் தைக்கும் கைகளும் அருகிலேயே உள்ளன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர் தாராவியில் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர்.

வேட்டியுடுத்தவரை மன்றங்களில் தடுக்கலாகாதெனத் தமிழகச் சட்டமன்றம் 2014இல் சட்டமியற்றியது. சட்டம் வாயிலைத் திறக்கும். உடுத்துச் செல்ல வேண்டியவர் நாமே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேட்டியுடுத்த இளைஞர் பெருகுக!