மாலைக்கண்ணும் ஒரு சொட்டு மருந்தும்

பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும் குழந்தையைப் பார்த்தால் 'மாலைக்கண்' என்பார்கள் நம் பெரியவர்கள். காரணம் வைட்டமின் ஏ குறைவு. இந்தக் குறை பார்வையை மட்டும்தான் கெடுக்கும் என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர், இந்தோனேசியக் குழந்தைகளைப் பற்றிச் சேகரித்த விவரங்களை மறுபடி புரட்டினார். மாலைக்கண் போன்ற லேசான கோளாறு இருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள்! வைட்டமின் ஏ குறைந்தால் குடலின், நுரையீரலின் உட்சுவர் பலவீனப்படும்; நோயை எதிர்க்கும் வலுவும் குறையும். பிறகு வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிரையே கொண்டுபோய்விடும்.

அடுத்து, இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில் ஆய்வு நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தை மரணம் 34 சதவீதம் குறைவு. 1986இல் முடிவு வெளியானபோது பலர் நம்பவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டதும் நல்லதுதான். வேறு நாடுகளிலும் சோதித்தார்கள். நம் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1990இல் அந்த முடிவு வெளியானது. சோமர் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பள்ளிக்கே தலைவரானார்.

இன்று நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ முதல் தவணை. பிறகு ஐந்து வயதுவரை தொடரும். உங்கள் வீட்டுப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தவணை விடுபட்டிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.