சுட்டுப் பார்த்தால் மட்டும் போதுமா?
(நல்லூரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சந்தையில் மாடு வாங்கும் நம் கமக்காரன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். ஏரிற் பூட்டி நடத்திப் பார்க்கிறான். பின்பே மடியை அவிழ்க்கிறான். நாடு பீரங்கி வாங்கும்போதும் முறை அதுவே. விற்பவன் சொல்லை நம்பாது, படைவீரரே களத்திற் சுட்டுப் பார்த்தல் வேண்டும்.

இந்தியா அவ்வாறே செய்தது. இராணுவ மதிப்பீடுகளில் முதலில் முன்னின்றது பிரெஞ்சுப் பீரங்கியான சோஃப்மா. 1986 பெப்ரவரியில் அந்நிலை மாறிற்று. சுட்டவுடன் இடம்பெயரும் ஆற்றல் சுவீடனின் போபர்சுக்கு உண்டு என்றனர். மார்ச் 24 இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. 1987 ஏப்ரல் 16 இல் சுவீடன் வானொலி கையூட்டுக் குற்றச்சாட்டை வெளியிட்டது. வழக்குகள் பல்லாண்டு நீண்டன, எவரும் தண்டிக்கப்படவில்லை.

1999 இல் கார்கில் மலையில் அப்பீரங்கி சிறப்பாகவே சுட்டது. "ஆகவே பேரமும் நன்றே" என்பார் உளர். நான் மறுக்கிறேன். களச் சோதனை இரும்பின் தரத்துக்குச் சாட்சி. பணம் சென்ற வழிக்கு அது சாட்சியாகாது.

நம் நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் மிக்-27 விமானக் கொள்வனவு கேள்விக்குள்ளாயிற்று. ஆகவே கேட்போம்: சோதனையின் முடிவும், முடிவை மாற்றினால் அதன் காரணமும், எழுத்தில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். வரி செலுத்தும் ஏழைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.