பதக்கமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்
(கொட்டிவாக்கம் கடற்கரையில் நடந்த கபடிப் பந்தயப் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வென்ற வாலிபர்களுக்கு எங்கள் வாழ்த்துக்கள். தோற்றவர்களுக்கும் வாழ்த்துக்கள். விடியுமுன் கடலில் வலை இழுத்துவிட்டு, மாலையில் கபடிக்கு வந்து நின்றவர்கள் இவர்கள். பரிசு கொடுக்கும் இந்த நேரத்தில் பரிசைப் பற்றியே நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

கனடா நாட்டின் பூர்வகுடி மக்களில் டாம் லாங்போட் என்ற ஓட்டக்காரர் இருந்தார். 1907-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தான் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். முதல் உலக யுத்தத்தில் போர்முனையில் செய்தி கொண்டு ஓடினார். பிற்காலத்தில் டொரண்டோ நகரசபையில் துப்புரவுத் தொழிலாளியாக உழைத்தார். அந்த உழைப்பு கேவலமல்ல. ஆனால் உலகம் மெச்சிய வீரரை நாடு மறந்ததுதான் கேவலம். 1949-ல் அவர் காலமானார். 1951-ல் அவர் பெயரில் பூர்வகுடி வீரர்களுக்கு விருது ஏற்படுத்தினார்கள். அதில் பங்குகொண்ட சர்க்கார் இலாகா எது தெரியுமா? பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த விடுதிப் பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருந்த அதே இலாகா! ஒரு கையில் பதக்கம், மறு கையில் பிரம்பு. 2008-ல்தான் கனடா பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். இன்று அந்த விருதைப் பூர்வகுடி மக்களின் சொந்த விளையாட்டு அமைப்பே வழங்குகிறது. அதுவே முறை.

நம் நாட்டில் மட்டும் என்ன? 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாக ஹாக்கியில் தங்கம் வென்றது. அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங், ஒரு முண்டா ஆதிவாசி. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் உரிமைக்கு வாதாடியவர். ஆயினும் 1961-ல் மத்திய சர்க்கார் விளையாட்டு விருது தொடங்கியபோது அர்ச்சுனன் பெயரை வைத்தது. 1985-ல் பயிற்சியாளர் விருதுக்குத் துரோணர் பெயரை வைத்தது. கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவருக்கு மத்திய விருது! கொடுத்த ஏகலைவன் பெயரில் கர்நாடகம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள்தான் விருது தருகின்றன.

ராஜஸ்தான் ஆதிவாசி வில்லாளி லிம்பா ராமுக்கு 1991-ல் அர்ச்சுனா விருதும், 2012-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. பின்னர் அவர் நரம்பு நோயில் விழுந்தார். சிகிச்சைச் செலவுக்குக் குடும்பத்தார் சர்க்காரிடம் உதவி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. பதக்கத்தைக் காட்டினால் மருந்துக்கடையில் மருந்து தருவார்களா?

இன்னொரு பரிசும் உண்டு, தோழர்களே! ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் ஒரிசாவின் சுந்தர்கட்டிலும் ஆதிவாசிக் கிராமங்கள் ஹாக்கிப் பந்தயம் வைக்கும். வென்ற அணிக்குப் பரிசு ஒரு கிடா. மூங்கில் மட்டை பிடித்துப் பழகிய அந்தச் சீமைகளிலிருந்துதான் மைக்கேல் கிண்டோவும் திலீப் திர்க்கேயும் சலீமா டெட்டேயும் வந்தார்கள். மூவருமே அர்ச்சுனா விருது பெற்றவர்கள். டில்லி விருது கொடுக்கும் முன்பே, அவர்களை வளர்த்தது அந்த ஏழை ஜனங்களின் ஊர் மைதானம்.

விருது வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. விருதோடு மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், வயிற்றுக்குச் சத்தான உணவு வேண்டும். ஆட்டம் ஓய்ந்தபின் வேலையும், நோயில் வைத்தியமும் வேண்டும். ஆதிவாசிக்குக் காடும் நிலமும் வேண்டும். அவற்றைப் பறித்துக்கொண்டு கழுத்தில் பதக்கம் மாட்டுவது மரியாதை ஆகாது.

இங்கேயும் அதேதான். படகு நிறுத்தி வலை உலர்த்தும் இந்த மணல்தான் நம் பிள்ளைகளின் மைதானம். கரை கைவிட்டுப் போனால் தொழிலும் போகும், ஆட்டமும் போகும். அந்த நினைவோடு இந்தக் கோப்பையை வாங்கிக்கொள்ளுங்கள், தம்பிகளே!